ஏழாம் நம்பர் மலையில் படுத்திருந்தவர்

அவர் படுத்து எழுந்த இடத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அவர் கையை நீட்டிக் காட்டியதால்தான் பார்த்தேன். மானாப்புல் ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கிளம்பும்போது அதையும் ஒரு குச்சியால் கோதி நிமிர்த்திவிடுவார். கூடாரத்துக்கு முளை அடித்த ஓட்டைகளைப் பெருவிரலால் அழுத்தி மூடுவார். பிறகு நாலு எட்டு பின்னால் வந்து, வேறு யாரோ படுத்த இடத்தைச் சோதிப்பவர் மாதிரி நின்று பார்ப்பார்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன். நான் மாமா என்று கூப்பிட்டேன். பெயர் எழுத வேண்டாம். தன் பெயரை யாராவது தூரத்திலிருந்து சத்தமாகக் கூப்பிட்டால் அவர் முகம் சுருங்கும்.

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். லயம் என்கிற நீளக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். வீடு என்றால் ஒரே ஒரு அறை, அதுதான் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒடுங்கிய வராந்தா, பின்னால் அடுப்படி. நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் மூன்றாம் வீட்டில் கேட்கும். நான் கல்யாணம் ஆகி வந்தபோது அங்கே மாமியார், மாமா, என் வீட்டுக்காரர் என்று மூன்று பேர். மூத்தவர் இருக்க இளையவர் கட்டிக்கொண்ட கல்யாணம். நாங்கள் இருவரும் விரும்பிவிட்டோம், என் வீட்டில் அவசரப்படுத்தினார்கள், மாமாதான் முன்னால் நின்று முடித்து வைத்தார். அவருக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், பெண் வந்து எங்கே படுக்கும் என்ற கேள்வியில் நின்றுபோயிருந்தன.

எங்களுக்குக் காம்பராவை விட்டார்கள். மாமியார் அடுப்படிக்குப் போனார். மாமா இஸ்தோப்பில் படுத்தார். இடையில் இருந்த கதவு மழையில் ஊறி உப்பியிருந்தது, முழுதாகச் சாத்தாது. அவர் புரண்டு படுப்பது எங்களுக்குக் கேட்கும். எங்கள் பக்கத்தில் என்ன கேட்கும் என்று நினைத்து நாங்கள் மூச்சைக்கூட எண்ணி விட்டோம். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போயிருக்கும். ஒரு நாள் சாயந்திரம் அவர் தோளில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, இனிமே லொட்ஜுல நைட் டியூட்டி. காலையில வந்துருவேன்" என்றார்.

அட்டனில் ஒரு விடுதியில் அவருக்கு வேலை. அறை கூட்டுவது, துணி துவைப்பது, வெள்ளைக்காரர்களுக்கு பஸ் காட்டிவிடுவது. காலையில் போய் சாயந்திரம் திரும்பும் வேலை அது. இரவு வேலை என்று அங்கே ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

அன்றைக்கு எங்களுக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. அதன் தலைப்பக்கம் செடியெல்லாம் கைவிடப்பட்டுக் காடாகிக் கிடக்கும், அதற்கும் மேலே டர்பன்டைன் மரங்கள். நான் நல்ல நிரையாக, செடி வரிசையாகப் பார்த்துப் பிடிக்க வேகமாக ஏறி எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். மரங்களுக்கு நடுவில் ஒருவர் குந்தியிருந்து கறுப்பு உறையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திரும்பினார். மாமா. தலைமுடியில் ஓர் அட்டை ஊர்ந்துகொண்டிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத புள்ள" என்றார்.

"இங்கயா மாமா படுக்கிறீங்க? தெனமுமா?"

"தெனமும் இங்க இல்ல. ஒரே எடத்துல ரெண்டு ராத்திரி படுத்தா தடம் விழுந்துரும்."

கீழே மற்றப் பெண்களின் பேச்சு கேட்டது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களுக்குள் இறங்கினார். சத்தமே இல்லை. நான் அட்டையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

சாயந்திரம் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் முகம் கழுவிக்கொண்டே, "தெரியும்" என்றார். "எப்ப இருந்து?" என்றேன். "மொத நாளே" என்றார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. பேசினால் அவரை வீட்டுக்குக் கூப்பிட வேண்டிவரும்.

அந்தக் கூடாரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விடுதியில் விட்டுப்போனது. வாசல் ஜிப்பு கிழிந்திருந்ததால் முதலாளி குப்பையில் போடச் சொன்னாராம். இவர் எடுத்து வந்து கோணி ஊசியால் தைத்தார். நிறம்தான் பிரச்சினை. பழுத்த தோடம்பழ ஆரஞ்சு நிறம், இரண்டு மலை தாண்டித் தெரியும். ஆலையில் கழித்த தேயிலைத் தூளை வாங்கிக் கொதிக்க வைத்து ஊறப்போட்டார். முதல் மழையிலேயே சாயம் வடிந்து பழைய நிறம் வந்துவிட்டது. "டென்ட்டு தேத்தண்ணி குடிக்க மாட்டேங்குது புள்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. கடைசியில், கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்பு உறைகளில் பழையவற்றைச் சேகரித்து, அதன் மேல் வைத்துத் தைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் துணி காயவைக்கும்போது அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். நெருப்பு மூட்டமாட்டார். டோர்ச் அடிக்கமாட்டார். வாசம் அடிக்கும் கருவாடு, மாசி எதுவும் கொண்டுபோகமாட்டார். வெறும் ரொட்டியும் சீனியும்தான். சிறுத்தையைவிட நாய்க்குத்தான் பயப்பட வேண்டும் என்பார். சிறுத்தை தன் பாட்டில் போய்விடும், நாய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும். காய்ந்த சுள்ளி கிடக்கிற இடத்தில் படுக்கக்கூடாது, விடியற்காலையில் விறகுக்குப் பெண்கள் வருவார்கள். வெளிச்சம் இருக்கும்போது இடத்தைப் பார்த்துவைக்க வேண்டும், வெளிச்சம் போனபிறகுதான் விரிக்க வேண்டும். விடியற்காலைக் கோச்சி, அதாவது ரயில், வளைவில் ஊதும்போது சுருட்டி முடித்திருக்க வேண்டும்.

"இந்த நாட்டுல ஆளில்லாத எடமே கெடையாது புள்ள" என்று ஒரு நாள் சொன்னார். "ஆளு பாக்காத நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள வந்துட்டுப் போயிரணும்."

விடுதிக்கு சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், காசு கொடுத்துத் தங்காமல் வெளியே கூடாரம் போட எங்கே நல்ல இடம் என்று இவரிடம் கேட்டிருக்கிறான். இவர் பாலத்துக்குக் கீழே ஒரு மொட்டைப் பள்ளத்தைச் சொன்னார். அவன் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே காட்சி ஒன்றும் இல்லை என்று நீர்வீழ்ச்சிக்கு எதிரே போட்டான். விடியும்போது கூடாரத்தைச் சுற்றி லயத்துச் சனம் முழுக்க நின்றது. ஒரு பாட்டி தேத்தண்ணி கொண்டுவந்தாளாம், ஒருவர் பாஸ்போர்ட் கேட்டாராம். ஆறரைக்குப் பொலிஸ் வந்தது. அவன் மத்தியானம் விடுதிக்கு வந்து அறை எடுத்துத் தூங்கினான்.

"காட்சி நல்லா இருக்கிற எடத்துல படுக்கக்கூடாது" என்றார் மாமா. "நாம எல்லாத்தையும் பாக்குற எடம்னா, எல்லாரும் நம்மளப் பாக்குற எடம்."

ஒரு தடவை தோட்டத்து வாச்சர் அவருடைய கூடாரத்துக்கு ஆறடி பக்கத்தில் வந்து நின்றாராம். வாச்சர் என்றால் காவல்காரர், மரம் வெட்டுகிறவர்களையும் கொழுந்து திருடுகிறவர்களையும் பிடிப்பவர். பிடிக்க வரவில்லை. போனில் பேச வந்திருக்கிறார். அரைமணி நேரம் பேசினார், நடுவில் அழுதார் என்றார் மாமா. இவர் உள்ளே வாயில் துணியை வைத்துக்கொண்டு இருமலை அடக்கியிருக்கிறார்.

"என்னா பேசினாரு மாமா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அது அவரு தனியா இருக்கோம்னு நெனச்சுப் பேசினது. நான் கேட்டதே தப்பு. அத உங்கிட்ட வேற சொல்லணுமா?"

கடைசி வரை சொல்லவில்லை.

எனக்கு அவர் மேல் பரிதாபம் இருந்தது. அவர் எங்களுக்காகத்தான் குளிரில் கிடக்கிறார் என்ற பரிதாபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிவிட்டேன். நாங்கள் இஸ்தோப்பில் படுக்கிறோம், நீங்கள் காம்பராவில் படுங்கள் என்று சொன்னேன். அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"மொதல்ல உங்களுக்காகத்தான் போனேன். இப்ப எனக்காகப் போறேன். எனக்கு முப்பத்தாறு வயசு. நான் தனியா இருந்ததே இல்ல புள்ள. பீலியில குளிக்கிறப்பயும் நாலு பேரு. நோவு வந்து படுத்தா பன்னெண்டு வீட்டுச் சனமும் வந்து பாக்கும். மொத ராத்திரி மேல படுத்தப்ப எனக்கு என் மூச்சுச் சத்தம் கேட்டிச்சு. யாருதுன்னு பயந்துட்டேன்."

அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவரைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு இருந்த உரிமை போனதால் இருக்கலாம்.

அந்த வருடத் திருவிழாவுக்கு மாமியாரின் சொந்தக்காரர்கள் பொகவந்தலாவையிலிருந்து வந்தார்கள். வீட்டில் பதினோரு பேர். சாயந்திரம் மாமா எங்கள் இருவரையும் மலைக்குக் கூட்டிப்போனார். வெளிச்சம் போகும்வரை மரத்தடியில் உட்காரவைத்தார். பிறகு விளக்கில்லாமல், கை பழக்கத்தில், கூடாரத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "கோச்சி ஊதுறப்ப வருவேன்" என்று இறங்கிப் போய்விட்டார். பதினோரு பேருக்கு நடுவில் படுக்கத்தான் போனார்.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரின் குரலை நான் முழுதாகக் கேட்டேன். வீட்டில் அவர் குசுகுசுவென்றுதான் பேசுவார். மலையில் அவர் சாதாரணமாகப் பேசினார். அவ்வளவு கனமான குரல் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவை சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினேன். பொத்தத் தேவையில்லை என்று பிறகுதான் உறைத்தது. நாங்கள் படுத்த இடம் ஏழாம் நம்பர் மலையின் தலைப்பக்கம். இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

லயத்தின் கடைசி வீட்டைத் தொங்கல் வீடு என்போம். அதில் இருந்தவளை நான் மதினி என்று கூப்பிடுவேன், அவளுடைய வீட்டுக்காரரை அண்ணன் என்று. அண்ணனுக்கு டவுனில் மூட்டை தூக்கும் வேலை. மதினிக்கு எல்லாம் தெரிய வேண்டும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது. கெட்ட மனுஷி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தாள். ஆனால் லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு, பத்துப் பேர் கேட்க, "என்னாடி, நீ வந்ததும் மூத்தவரு ராத்திரி வேலைக்கு ஓடிட்டாரு? வெரட்டிட்டியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இரவு வேலை என்ற பொய்யை அதற்குப் பிறகு நான்தான் எல்லோரையும்விடக் கவனமாகக் காப்பாற்றினேன்.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. மழையிலும் மாமா போவதை நிறுத்தவில்லை. ஒரு காலை ஆறரை மணிக்குத் தோட்டத்து ஒபீஸிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஆள் வந்தது. மாமாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். நானும் கூட ஓடினேன். அந்த வாரம் மேலே ஆறு மரங்கள் களவு போயிருந்தன. வாச்சர் விடியுமுன்பே காத்திருந்தார். மாமா பையோடு ஓடிவந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பைக்குள் கயிறு, கத்தி, கறுப்பு உறை. மரம் வெட்டுகிறவன் வைத்திருக்கும் சாமான் போலத்தான் இருக்கும்.

ஒபீஸ் வாசலில் அதற்குள் கூட்டம். மதினியும் நின்றாள். கண்டாக்கு ஐயா, மலை வேலையைப் பார்க்கும் உத்தியோகத்தர், கதவில் நின்றபடியே என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஒங்க அண்ணன் நேத்து ராத்திரி எங்க படுத்தாரு?"

என் வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "வீட்டுலதாங்க" என்றார்.

"லொட்ஜுல நைட் டியூட்டின்னு சொல்றாங்களே?"

"நேத்து போகலங்க. இஸ்தோப்புல படுத்திருந்தாரு."

ஐயா என்னைப் பார்த்தார். "நீ பாத்தியாம்மா?"

நான், "ஆமாங்க" என்றேன்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னோம் என்று நாங்கள் பல தடவை எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கம்பனி நிலத்தில் படுத்தார் என்று சொன்னால் அதுவே குற்றம், வீட்டில் இருந்தார் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, வாசலில் நின்ற கூட்டம்.

உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சேறு. என் வீட்டுக்காரரைக் கண்டதும் எழுந்து, "தம்பி, மேல தரை வெடிச்சிருக்குடா. நான் படுத்த எடத்துக்குப் பத்தடி கீழ. கை மொழங்கை வரைக்கும் போகுது. நம்ம லயத்துக்கு நேர் மேல. நீயாச்சும் சொல்லு இவங்ககிட்ட" என்றார்.

கண்டாக்கு ஐயா மெதுவாகத்தான் பேசினார். "ஒங்க தம்பியும் அவரு பொஞ்சாதியும் நீங்க வீட்டுல படுத்திருந்ததா சொல்றாங்க. நீங்க மேல படுத்திருந்தேன்னு சொல்றீங்க. வாச்சர் போய்ப் பாத்தாரு, அங்க ஆள் படுத்த அடையாளமே இல்லையாம். எத நம்புறது? படுத்தது பொய்யின்னா வெடிப்பும் பொய்தானே?"

வாச்சர் தலையை ஆட்டினார். அந்த மழையில் அவர் உண்மையிலேயே மேலே வரை ஏறினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். ஏறியிருந்தாலும் படுத்த இடம் தெரிந்திருக்காது.

மாமா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பாதங்களைச் சுற்றிச் சேற்றுத் தண்ணீர் வட்டமாக நின்றது. அவர் எங்களைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், தம்பி பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது.

அன்று சாயந்திரம் பீலியில் மதினி பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கமான கிண்டல் இல்லை. "மூத்தவரு மரம் வெட்டுவாராடி? புல்லுக்கு வலிக்காம நடக்கிற மனுசன். எனக்கு நம்பிக்கை இல்ல. நீ கவலப்படாத" என்றாள். வெடிப்பைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் பார்த்தது என்று கேட்பாள், அங்கே எதற்குப் போனார் என்று கேட்பாள். நான் தலையை ஆட்டினேன். குடம் நிறைந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஏழாம் நம்பர் மலை இறங்கியது. மழையால் வேலை இல்லை. ஆனாலும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிவாரண அரிசி கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் அங்கே போயிருந்தோம். ஒரு லொறி சல்லிக்கல் கொட்டுவது போன்ற சத்தம். பெரிய சத்தம் இல்லை. சிலர் திரும்பியே பார்க்கவில்லை. நாங்கள் வந்து பார்த்தபோது தொங்கல் பக்கம் நாலு வீடு இல்லை. சிவப்பு மண் இருந்தது, அதில் ஒரு தேயிலைச் செடி நேராக நின்றது. மதினிக்குக் காய்ச்சல், அரிசிக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு தட்டு கூட விழவில்லை.

விடுதி முதலாளி ஸ்டேசனுக்குப் போய்ப் பேசியதில், அதே நாள்தான் மாமாவை விட்டார்கள். அவர் பஸ்ஸில் வரும்போதே சேதி கேட்டிருக்கிறார். வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை வாங்கினார். வெளிச்சம் போகும் நேரத்தில் மதினியை எடுத்தார்கள். மாமா இருந்த பக்கத்தில்தான். அவர் சட்டையைக் கழற்றி அவள் மேல் போட்டுவிட்டு, போய் மழையில் நின்றார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லோரையும் ஸ்கூலில் தங்கவைத்தார்கள். ஐந்தாம் நாள் விசாரிக்க ஒரு சிங்கள அதிகாரி வந்தார். நல்ல மனிதர், எங்கள் தமிழிலேயே பேச முயன்றார். வகுப்பறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "முந்தி ஏதாவது பாத்ததா? மேல வெடிப்பு, சேத்துத் தண்ணி, மரம் சாஞ்சது? யாராவது பாத்ததா?" என்று கேட்டார்.

கண்டாக்கு ஐயா சன்னல் பக்கம் பார்த்தார். வாச்சர் வரவில்லை.  அதிகாரி கடைசிப் பெஞ்சில் இருந்த மாமாவைப் பார்த்து, "நீங்க மேல போற ஆள்னு சொல்றாங்க. நீங்க பாத்ததா?" என்றார்.

மாமா எழுந்தார். "இல்ல சேர். நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் பின்னால் போய்க் கேட்டேன். "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்ல? நான் பாத்தேன்னா, ஏன் யாரும் கேக்கலன்னு கேப்பாரு. அப்பறம் ஒங்க ரெண்டு பேரையும் கேப்பாரு. நீங்க இங்கதான இருக்கணும்."

"நீங்க?"

"நான் கொழும்புக்குப் போறேன் புள்ள."

மறுநாள் போய்விட்டார். கூடாரம் என்ன ஆனது என்று தெரியாது. அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் தேடவும் இல்லை.

பத்து வருடம் ஆகிறது. இப்போது எங்களுக்கு வேறு மேட்டில் தனித்தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை. கதவு சாத்துகிறது. மாமியார் போய்விட்டார். மாமா அந்தச் சாவுக்கு வந்து, காரியம் முடிந்த அன்றே கிளம்பினார். கொழும்பில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை, ஒன்பது பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். தீபாவளிக்குப் போன் பண்ணுவார். அங்கே எங்கேயாவது வெளியில் படுப்பீர்களா என்று ஒரு தடவை கேட்டேன். "இங்க எடமும் இல்ல, நேரமும் இல்ல" என்றார். வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தொங்கல் வீட்டு அண்ணனுக்கு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தனியாகத்தான் இருக்கிறார். போன ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மழை. என் வீட்டுக்காரர் ஆலையில் இருந்தார். எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு."

அவர் திரும்பாமலே, "வெடிப்பப் பத்தியா?" என்றார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூத்தவரு கொழும்புக்குப் போறதுக்கு முந்தின நாளே வந்து சொல்லிட்டாரும்மா. ஸ்கூலுக்குப் பின்னால கூட்டிட்டுப் போயி சொன்னாரு. தான் மேல படுத்திருந்தாராம். வெடிப்பப் பாத்தாராம். ஒபீஸ்ல சொல்ல ஆரம்பிச்சிட்டு, பயந்துபோய் பாதியில விட்டுட்டாராம். தப்பு பூராவும் தன்னோடதுன்னாரு. கத்திச் சொல்லியிருந்தா ஒங்க பொஞ்சாதி இருந்திருக்கும்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னாத்தச் சொல்ல? அடிச்சேன். கன்னத்துல, நெஞ்சுல, கை வலிக்கிற வரைக்கும் அடிச்சேன். நின்னாரு. கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல." அண்ணன் தேயிலையை அள்ளித் தண்ணீரில் போட்டார். "வேற யாரப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லல. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு மட்டும் கேட்டாரு. நானும் சொல்லல. நீ வந்து கேக்கிறதுனால சொல்றேன்."

தண்ணீர் கொதித்து நிறம் மாறியது. அவர் இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரி, நீ என்னா சொல்ல வந்த?"

"அதத்தாண்ணே" என்றேன். "அதத்தான் சொல்ல வந்தேன்."

அவர் இரண்டு கோப்பையில் ஊற்றினார். சீனி தீர்ந்துபோச்சு என்றார். நான் அப்படியே வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.